பி.ஆர் (வியாபாரப் பெயர்ப் பதிவு), லைசன்ஸ், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி): தூள் மில்லுக்கு எதை முதலில் எடுப்பது?

மில்லடி · தருமபுரம் · 11.01.2026

வணக்கம். எழுதத் தொடங்கி இரண்டு தரம் அழித்துவிட்டேன். நீளம் என்று குறை நினைக்காமல் வாசியுங்கள்.

தருமபுரத்தில் வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் தூள் மில் வைத்திருக்கிறேன். 2019இல் அம்மா தொடங்கியது. செத்தல், மல்லி எல்லாவற்றையும் தானே வறுத்து, வெளியே கூலிக்குத் திரித்து, அரைக் கிலோ பைகளில் கட்டி அயலுக்கு விற்றார். 2022இல் எல்லாம் விலை ஏறிக் கிடந்தபோது திரிப்புக் கூலி கட்டுப்படியாகவில்லை. அக்காவின் தோட்டை ஈடு வைத்து ஒரு பழைய இயந்திரம் வாங்கினோம். இப்போது மாதம் 250, 300 கிலோ போகிறது. கனடாவுக்குத் திரும்புகிறவர்களின் பெட்டிக்குள் போவது தனிக் கணக்கு.

இவ்வளவு காலமும் எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் தேடிப் போகவில்லை. மார்கழியில் கிளிநொச்சியில் ஒரு பெரிய கடைக்குச் சரக்குத்தூள் 200 பைக்கற் கொண்டுபோனேன். முதலாளி ஐயா ஒன்றை உடைத்து மணந்து பார்த்தார். "தூள் நல்லது பிள்ளை. ஆனால் பி.ஆர் இல்லை, விலை அடிக்கவில்லை, பட்ச் நம்பர் இல்லை. இதை றாக்கையில் வைத்தால் தண்டம் எனக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தேத்தண்ணியும் தந்தார். 200ஐயும் அடுத்த பஸ்ஸிலேயே திருப்பிக் கொண்டுவந்தேன். உடைத்த பைக்கற்றைச் சரியாகக் கட்டாமல் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். பரந்தன் தாண்ட முதல் பஸ் முழுக்கத் தும்மல்.

சரி, எடுத்துவிடுவோம் என்று வெளிக்கிட்டேன். கரைச்சிப் பிரதேச சபைக்குப் போனால், பி.ஆர் இங்கே இல்லை, கண்டாவளைப் பிரதேச செயலகத்துக்குப் போ என்றார்கள். அங்கே விண்ணப்பம் தந்தார்கள். விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், கடிதம் வேண்டும், இடம் யாருடையது என்று காட்ட வேண்டும். இடத்தில்தான் சிக்கல். காணி பேமிட், அதாவது அரச காணிக்குத் தந்த அனுமதிப் பத்திரம், அப்பாவின் பெயரில். அப்பா 2009இல் காணாமல் போனவர். அம்மா மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார். ஏன் என்று இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மற்றவையும் கேட்டுவிடுகிறேன். இரண்டு பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். ஒருத்தி வறுக்க, மற்றவள் அரித்துப் பொதி கட்ட. மாதம் 22 நாள் அளவில் வருவார்கள். நாளுக்கு 1,000 ரூபாயும் மத்தியானச் சாப்பாடும் கொடுக்கிறேன். நாட்கூலிக்கு ஈபிஎஃப் உண்டா? அது பெரிய கம்பனிகளுக்குத்தானே? நான் பாவிக்கும் தராசு கேக் அடிக்கிறவர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசு, அது போதுமா? வருமான வரிக்கு என்னைப் போன்றவர்கள் பதிய வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய என்னிடம் காசும் இல்லை, ஓடித் திரிய ஆளும் இல்லை. எதை முதலில் பிடிப்பது?

வெட்டவெளி · மல்லாவி · 11.01.2026

தங்கச்சி, சும்மா இருக்கிற குளவிக் கூட்டுக்குக் கல் எறியாதே. நான் 12 வருடமாகச் சைக்கிள் திருத்துகிறேன், ஒருவரும் வந்து பார்த்ததில்லை. பதிந்தவனைத்தான் தேடி வருவார்கள், பதியாதவனின் முகவரி அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெரிய கடையை விடு. சந்தையில் போட்டு விற்று நிம்மதியாகச் சாப்பிடு.

பாண்காரன் · பரந்தன் · 11.01.2026

மேலே எழுதிய தம்பியின் நிம்மதி எனக்கும் நான்கு வருடம் இருந்தது. சைக்கிளுக்கும் சாப்பாட்டுக்கும் வித்தியாசம் உண்டு தம்பி. வாயில் போடுகிற பொருள் விற்கிறவனின் முகவரியை ஒரு வயிற்றுவலி கண்டுபிடித்துவிடும்.

தங்கச்சி, நான் 2011 தொடக்கம் பேக்கரி நடத்துகிறேன். இப்போது பதினொரு பேர் வேலை. நீங்கள் கேட்ட எல்லாவற்றிலும் ஒருதரம் விழுந்து எழும்பினவன், அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அலைச்சலுக்குக் காரணம். கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகம் நான்கு, பிரதேச சபை மூன்று. கண்டாவளைக்குச் செயலகம் உண்டு, தனிச் சபை கிடையாது. அந்தப் பக்கமும் கரைச்சிச் சபைக்குள்தான் வரும். ஆகவே பெயர்ப் பதிவு கண்டாவளையில், வியாபார லைசன்ஸ் கரைச்சியில். இது தெரியாமல் இரண்டு பக்கமும் ஓடுகிறவர்கள் கனபேர், நீங்கள் மட்டும் இல்லை.

பி.ஆர் என்பது வியாபாரத்தின் பெயரைப் பதிவது மட்டும்தான். 1918ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் வந்த விசயம் அது. உங்கள் சொந்தப் பெயரிலேயே விற்றால் சட்டப்படி கட்டாயமில்லை. ஒரு சாமி பெயரோ அம்மா பெயரோ வைத்து விற்றால் கட்டாயம். ஆனால் வங்கியும் கடைக்காரரும் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை, பி.ஆர் எங்கே என்றுதான் கேட்பார்கள். எடுத்தால் ஃபைலுக்குள் போட்டு மூடாதீர்கள். கண்ணுக்குத் தெரியச் சுவரில் மாட்ட வேண்டும்.

லைசன்ஸ் வேறு. அது 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் வருவது. மார்கழி 31உடன் செத்துவிடும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள். கட்டடத்தின் வருடப் பெறுமதியைப் பார்த்துப் போடுவார்கள், சட்டத்தில் உச்சம் 1,000 ரூபாய். என் பாண் போறணைக்கு ஒரு நாள் விறகுக் காசு வராது. காசு அல்ல, பி.எச்.ஐயின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அறிக்கைதான் நேரம் எடுக்கும். உணவு என்றபடியால் அவர் வந்து பார்க்காமல் லைசன்ஸ் வராது. ஆகவே அவர் வந்து பிடிக்கும்வரை காத்திராமல் நீங்களே போய்க் கூப்பிடுங்கள். கூப்பிட்ட வீட்டில் அவர் "இதைத் திருத்துங்கள்" என்பார். கூப்பிடாத வீட்டில் நேரே எழுதுவார். என் போறணை மேலே கூரைத் தகரம் கறள் பிடித்திருந்தது. "பாணுக்குள் இது விழுந்தால் எள்ளு என்று நினைத்துச் சாப்பிடுவார்கள்" என்றார். ஒரு மாதம் தவணை தந்தார், மாற்றினேன். வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவச் சான்றிதழும் கேட்பார், அதையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

இனி ஈபிஎஃப். இதைத்தான் நான் முதலில் பிடிக்கச் சொல்வேன், ஏனென்றால் மற்றவை பிந்தினால் ஏச்சு, இது பிந்தினால் காசு.

பெரிய கம்பனிக்குத்தான் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் பிழையான கதை. 1958ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு ஆள் வேலைக்கு இருந்தாலும் பிடிக்கும். நாட்கூலி, துண்டுக்கூலி, தற்காலிகம் எல்லாம் உள்ளே. வீட்டாட்கள் மட்டும் செய்யும் தொழிலுக்கு இல்லை. அதாவது நீங்களும் அம்மாவும் மட்டும் இருந்தவரை பிரச்சினை இல்லை, வெளிப் பிள்ளை ஒருத்தி வந்த நாளே தொடங்கிவிட்டது.

அதற்கு முதல் கூலி. நாளுக்கு 1,000 போதாது தங்கச்சி. தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 சித்திரையிலிருந்து மாதம் 27,000, நாளுக்கு 1,080. இந்தத் தை முதலாந் திகதியிலிருந்து 30,000, நாளுக்கு 1,200. மத்தியானச் சோற்றைக் காட்டி அதில் குறைக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

22 நாளுக்கு 1,200 என்றால் ஒரு பிள்ளைக்கு 26,400. அவளின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்க வேண்டும், 2,112. நீங்கள் 12 வீதம் போட வேண்டும், 3,168. இரண்டும் சேர்த்து ஈபிஎஃப். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 792, அது முழுக்க உங்கள் கையால். அவளிடம் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. ஆக, ஒரு பிள்ளைக்குக் கூலிக்கு மேலே உங்களுக்கு மாதம் 3,960 வரும். தூளின் விலையைப் போடும்போதே இதைச் சேர்த்துப் போடுங்கள். பிறகு சேர்க்க முடியாது. கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதக் கடைசி வேலை நாள்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு ஒரு பெடியன் இருந்தான், மா பிசைகிறவன், நல்ல கை. "அண்ணை, ஈபிஎஃப் வேண்டாம், அந்த 8ஐயும் கையில் தாங்கோ, வீட்டில் கஷ்டம்" என்றான். நானும் பாவம் என்று விட்டேன். 14 மாதம். சம்பளம் 20,000. பிறகு அவன் வெளிநாடு போக வெளிக்கிட்டபோது காசு தேவைப்பட்டது, தொழில் கந்தோரில் எழுதிக் கொடுத்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அது அவன் காசு. விசாரணைக்கு என் சம்பளக் கொப்பியைக் கொண்டுபோனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் 80 பக்கக் கொப்பி, மாஜரீன் ஊறி இரண்டு பக்கம் ஒட்டிக் கிடந்தது. விசாரித்த உத்தியோகத்தர் அம்மா நகத்தால் பக்கத்தை மெல்லப் பிரித்து, அவன் பெயருக்கு நேரே விரலை வைத்து, "இவர் 14 மாதமும் உங்களிடம் சம்பளம் எடுத்திருக்கிறார், அப்படியா?" என்றார். என் கையெழுத்து, என் கொப்பி. என்ன சொல்ல?

அவனுடைய 8 வீதத்தையும் நான்தான் கட்ட வேண்டியிருந்தது. பழைய சம்பளத்துக்குரியதை இப்போது அவனிடம் பிடிக்க முடியாது. 20 வீதம், மாதம் 4,000, பதினான்கு மாதத்துக்கு 56,000. அதற்கு மேல் மிகைக்கட்டணம். பத்து நாள் பிந்தினால் 5 வீதம் என்று தொடங்கி ஏறிக்கொண்டு போகும், ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம். கணக்குப் பார்த்த நேரம் எல்லா மாதமும் வருடத்தைத் தாண்டிவிட்டது. இன்னுமொரு 28,000. மொத்தம் 84,000. ஈடிஎஃப் அதற்குள் இல்லை. அந்த மாதம் நான் பாண் விற்றது கந்தோருக்காக.

ஆகவே பிள்ளைகள் "வேண்டாம் அக்கா, கையில் தாங்கோ" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவர்கள் கேட்பார்கள், இங்கே எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

தராசு: கேக் தராசு வியாபாரத்துக்குச் செல்லாது. வியாபாரத்துக்கென்று அங்கீகரித்த தராசு வாங்கி, வருடத்துக்கு ஒருதரம் முத்திரை குத்துவிக்க வேண்டும். 1995இன் 35ஆம் இலக்கச் சட்டம். முத்திரை குத்த நிறுவை அளவை ஆட்கள் வரும் நாளைச் செயலகத்தில் அறிவித்தல் ஒட்டுவார்கள், அங்கே போகும்போது பலகையைப் பாருங்கள். எங்களுக்கு இதைவிடக் கஷ்டம். பாண் 450 கிராம் என்று 2024 மாசியில் வர்த்தமானியில் போட்டார்கள், குறையலாம் என்றால் 13.5 கிராம் மட்டும். போறணைச் சூடு கொஞ்சம் கூடினால் தண்ணீர் பறந்து அதுவும் போய்விடும். உங்கள் தூள் பறக்காது, கொடுத்து வைத்தவர்.

வரி: முதலில் பதிந்து டி.ஐ.என் (வரி இலக்கம்) எடுங்கள், அதற்குக் காசு இல்லை. டி.ஐ.என் எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. வரி இலாபத்துக்கு, விற்பனைக்கு அல்ல. 2025 சித்திரையிலிருந்து தனியாளுக்கு வருடம் 18 இலட்சம் வரை விலக்கு. வரி வருடம் பங்குனி 31உடன் முடியும், விபரத்திரட்டு கார்த்திகை 30க்குள். வாட் உங்கள் பக்கமே வராது, அது கோடிக் கணக்கில் விற்கிறவர்களுக்கு. ஆனால் சிட்டைகளை எறிய வேண்டாம், ஐந்து வருடம் வைத்திருங்கள். செத்தல் வாங்கும் சந்தையில் சிட்டை தராவிட்டால் நீங்களே ஒரு கொப்பியில் திகதி, நிறை, விலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 80 பக்கக் கொப்பி போதும், மாஜரீன் படாமல் வையுங்கள்.

மில்லடி · தருமபுரம் · 12.01.2026

அண்ணை, மிச்சம் நன்றி. கணக்கை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 84,000 என்றதும் "பாண் தின்னாமல் விடுவோம் போல" என்றார். பிள்ளைகளோடும் கதைத்தேன். நீங்கள் சொன்னது போலவே ஒருத்தி கையில்தான் கேட்டாள். நேற்று வரை 1,000 எடுத்தவள், இப்போது 1,200இல் 96 போனாலும் 1,104 மிஞ்சுகிறது என்று காட்டினேன். இரண்டு தரம் பெருக்கிப் பார்த்துவிட்டு ஓம் என்றாள்.

காணி பேமிட் பற்றி யாரும் சொல்லவில்லை. லேபிளும் விளங்கவில்லை. போன வருடம் 2,000 ஸ்டிக்கர் அச்சடித்துவிட்டேன், 1,300 மிச்சம் கிடக்கிறது. அதில் பெயரும் தொலைபேசி இலக்கமும் "100 வீதம் சுத்தம், நீரிழிவுக்கு நல்லது" என்றும் இருக்கிறது. அந்த வரி கணினிக் கடைத் தம்பி தானாகப் போட்டது.

மாங்குளத்தான் · மாங்குளம் · 12.01.2026

நான் கடைக்காரன் பக்கம். உங்கள் தூளைத் திருப்பி அனுப்பிய ஐயா ஏன் அனுப்பினார் என்று சொல்கிறேன்.

பாவனையாளர் அதிகார சபை ஆட்கள் கடைக்குள் வந்தால் முதலில் பார்ப்பது றாக்கையில் விலை இருக்கிறதா, பைக்கற்றில் உச்ச விலை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, பட்ச் நம்பர் இருக்கிறதா என்று. 2021இல் தண்டத்தைக் கூட்டினார்கள். குறித்த உச்ச விலைக்கு மேலே விற்றால் தனி முதலாளிக்கே குறைந்தது ஒரு இலட்சம், கூடினால் ஐந்து இலட்சம். முந்தி 1,000 ரூபாயில் தொடங்கியது. ஒரு பைக்கற்றில் எனக்கு 20 ரூபாய் மிஞ்சும். அதற்காக யார் ஒரு இலட்சத்தைப் பணயம் வைப்பான்? அதனால் லேபிள் இல்லாத பொருளை இப்போது சொந்தத் தம்பி கொண்டுவந்தாலும் வாங்க மாட்டேன்.

ஸ்டிக்கரில் நீரிழிவு வரியை முதலில் தூக்குங்கள். உணவுப் பொருளில் நோய் மாறும், நோய்க்கு நல்லது என்று போடக் கூடாது, அது ஒன்றே வழக்குக்குப் போதும். "100 வீதம் சுத்தம்" என்பதையும் விட்டுவிடுங்கள். மணந்து பார்க்கிறவனுக்குத் தெரியும்.

போட வேண்டியது: பொருளின் பெயர், தேறிய நிறை, என்னென்ன சேர்ந்தது, செய்தவரின் பெயரும் முகவரியும், திகதி இரண்டு, பட்ச் நம்பர், விலை, எப்படி வைத்திருப்பது. தமிழில் மட்டும் அடித்தால் போதாது, எந்தெந்த மொழியில் எது என்று பி.எச்.ஐயிடம் கேட்டு, அச்சடிக்க முதல் மாதிரியை அவரிடம் காட்டுங்கள். பட்ச் நம்பர் என்றால் பயப்படாதீர்கள். வறுத்த நாளையே இலக்கமாகப் போடுங்கள், கொப்பியிலும் அதே இலக்கம். ஒரு பைக்கற்றில் குறை வந்தால் அன்றைய வறுவலை மட்டும் திருப்பி எடுக்கலாம், முழுவதையும் அல்ல.

சேர்மானத்தில் எல்லோரும் விடும் பிழை ஒன்று: நிறையில் கூடினது முதலில் வர வேண்டும். சரக்குத்தூளுக்கு எல்லாரும் பழக்கத்தில் மிளகாய் என்று தொடங்கி எழுதுவார்கள். உங்கள் வீட்டுக் கணக்கு எப்படி? மல்லி கூடவா, செத்தல் கூடவா? உப்புப் போட்டுத் திரித்தால் உப்பும் எழுத வேண்டும்.

பார்கோட் சட்டத்தில் கேட்பதில்லை, ஸ்கான் பண்ணும் பெரிய கடைகள் கேட்கும். 479இல் தொடங்கும் இலக்கம், கொழும்பில் ஜீ.எஸ்.1 லங்கா கொடுக்கிறது, வருடக் கட்டணம் உண்டு. இணையத்தில் சும்மா கிடைப்பதை ஒட்டாதீர்கள், வேறு யாருடையதோ சவர்க்காரம் என்று திரையில் வரும். எனக்கு ஒருதரம் ஊறுகாய் ஸ்கான் பண்ணப் பிள்ளைகளின் டயப்பர் வந்தது. இப்போதைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

இன்னொன்று. வீட்டில் நேரே வாங்க வருகிறவர்களுக்குக் கைபிடி வைத்த ஷொப்பிங் பாக் சும்மா கொடுக்காதீர்கள். 2025 கார்த்திகை முதலாந் திகதியிலிருந்து அதற்குக் காசு எடுத்துச் சிட்டையில் காட்ட வேண்டும். இதற்காக என்னோடு சண்டை பிடித்தவர்கள் கனபேர், ஒருவர் தேங்காய் மூன்றையும் சாரத்துக்குள் கட்டிக்கொண்டு போனார்.

வன்னி அக்கா · முள்ளியவளை · 13.01.2026

பிள்ளை, காணிக் கதை எனக்குத் தெரிந்தது, அதை மட்டும் சொல்கிறேன். என் மாமாவின் பேமிட்டில்தான் என் அரிசி மில் நிற்கிறது.

பி.ஆருக்குக் காணி உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. அங்கே நடத்த உரிமை இருக்கிறது என்று காட்டினால் போதும். எனக்கு மாமி சம்மதக் கடிதம் எழுதித் தந்தார், விதானையார் "குடும்பம் இங்கேதான் குடியிருக்கிறது, ஆட்சேபனை இல்லை" என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டார், பேமிட்டின் பிரதியோடு கொடுத்தேன். உங்கள் செயலகத்தில் விதானையாரைக் கொண்டே கேட்பியுங்கள். நீங்கள் தனியப் போய்க் கேட்டால் "மரணச் சான்றிதழ்" என்ற சொல் முதலில் வரும், அவர் கூட நின்றால் வேறு வழி பேசுவார்கள்.

அம்மாவுக்கு இன்னொன்று சொல்லுங்கள், வற்புறுத்த வேண்டாம், சொல்லி மட்டும் வையுங்கள். மரணம் என்று எழுதாமலே, ஆள் காணாமல் போனவர் என்று சொல்லும் ஒரு சான்றிதழ் 2016இன் 16ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. என் மாமி மரணச் சான்றிதழைக் கையால் தொட மாட்டேன் என்றவர், இதற்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் மாமாவின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று மூன்று தரம் என்னிடம் வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். பேமிட் உரித்து மனைவிக்கு வரும் முறை காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது, வாரிசு எழுதாமல் விட்டிருந்தாலும் கூட. ஆனால் அது பிறகு பார்க்கிற வேலை. இப்போது தூளை நிறுத்த வேண்டாம்.

ஒருவரும் கேட்காததை நான் கேட்கிறேன். மில்லின் பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா? பழைய இயந்திரம் என்றால் இருக்காது. கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். என்னிடம் வேலை செய்த பிள்ளையின் சால்வை நுனி பெல்ட்டில் போனது. நல்ல காலம், தோளில் சும்மா போட்டிருந்தாள், கழுத்தில் சுற்றியிருக்கவில்லை. உருவிக்கொண்டு போய் உருளையில் கயிறு போலச் சுற்றி நின்றது. அன்றைக்கே வெல்டிங் கடைக்குப் போய்க் கம்பி வலை அடித்தேன். இயந்திரத்தில் அசையும் பாகத்தை மூட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருக்கிறதாம், அதற்குப் பிறகுதான் தெரியும். வேலையில் காயம் பட்டால் நட்டஈடு முதலாளியின் தலையில், அது 1934ஆம் ஆண்டிலிருந்தே. பிள்ளைகளுக்குச் சால்வையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், மூக்குக்கு முகமூடி கொடுங்கள். மிளகாய்த் தூசியில் வருடக் கணக்கில் நிற்கிறவர்களின் இருமல் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை யாரும் உதவிக்கு என்றும் வரக் கூடாது. 2021இல் வயதைக் கூட்டிவிட்டார்கள். விடுமுறைக்கு மச்சாளின் மகன் வந்து பொதி கட்டுகிறான் என்றாலும் கவனம். கரண்ட் வீட்டு இணைப்பிலா ஓடுகிறது? அதையும் மாற்ற எழுதிக் கொடுங்கள், கட்டண வகை வேறு.

வெட்டவெளி · மல்லாவி · 13.01.2026

வாசித்தேன். என்னிடம் ஒரு பெடியன் பின்னேரங்களில் டியூப் ஒட்ட வருகிறான். பாண்காரன் அண்ணை, பின்னேரம் மட்டும் என்றாலும் ஈபிஎஃப் உண்டா?

பாண்காரன் · பரந்தன் · 13.01.2026

உண்டு தம்பி. கொடுக்கிற காசுக்கு ஏற்ற வீதம். முதலில் அவனுக்கு எத்தனை வயது என்று பார்.

மில்லடி · தருமபுரம் · 24.01.2026

இரண்டு கிழமையில் நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

விதானையார் கடிதம் தந்தார், அம்மாவின் சம்மதக் கடிதத்தை அவரே பக்கத்தில் இருந்து எழுதுவித்தார். பி.ஆர் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பி.எச்.ஐயை நானே போய்க் கூப்பிட்டேன். வந்து கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கை கழுவ வெளியே ஒரு குழாய், யன்னலுக்கு வலை, வறுத்த செத்தலைக் கொட்டும் இடத்தில் சீமெந்து, இந்த மூன்றையும் எழுதித் தந்தார். சீமெந்துக்குத்தான் காசு பார்க்க வேண்டும். எலி பற்றிக் கேட்டார். பூனை இருக்கிறது என்றேன். பூனையும் உள்ளே வரக் கூடாது என்றார்.

அக்கா, பெல்ட்டுக்கு மூடி இல்லை. நீங்கள் எழுதிய பிறகு அந்தப் பக்கம் போகவே பயமாக இருந்தது. தருமபுரத்திலேயே வெல்டிங் செய்வித்தேன், 4,500 எடுத்தார்கள்.

மாங்குளம் அண்ணை, மல்லிதான் கூட. அம்மாவிடம் கேட்டேன், "கை அளவுக்குப் போடுகிறது, யார் நிறுத்தது" என்றார். பிறகு ஒரு வறுவல் முழுவதையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தோம். மல்லி, பிறகு செத்தல், பிறகு மிளகு. வெந்தயமும் கறிவேப்பிலையும் அவர் நினைத்திருந்ததை விடக் குறைவு, அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். மாதிரி லேபிள் பி.எச்.ஐயிடம் இருக்கிறது.

பழைய ஸ்டிக்கர் 1,300ஐயும் எரிக்க அம்மா விடவில்லை. வீட்டு டப்பாக்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். சீனி டப்பாவிலும் நீரிழிவுக்கு நல்லது என்று இருக்கிறது.

தராசு முத்திரைக்கு வியாழக்கிழமை வருகிறார்களாம், பலகையில் பார்த்தேன். புதுத் தராசு 18,500க்குச் சொல்லி வைத்திருக்கிறேன், புதனுக்குள் காசு கொடுக்க வேண்டும். அதற்கு இன்னும் 6,000 குறைகிறது. யாருக்காவது சரக்குத்தூள் வேண்டுமென்றால், கடைக்கு அல்ல, வீட்டுக்கு மட்டும், சொல்லுங்கள்.